காற்றுக்கு எதிரே போன பானை

எனக்கு வயது எண்பத்து மூன்று. பெற்றது எட்டு, வளர்த்தது பதினொன்று. கொழுந்தன் பெண்டாட்டி மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு வாந்திபேதியில் போய்விட்டாள். அந்த மூன்றும் இதில் சேர்த்தி. பதினொன்றில் ஒன்றுகூட அடுத்தவர் பொருளைத் தொட்டதென்று பேர் வாங்கவில்லை. என் கூடப்பிறந்த அண்ணனை வளர்த்தது நான் இல்லை.

போன மாசம் சர்க்காரிலிருந்து ஆள் வந்து எங்கள் ஊர்க் குளத்துக்கரையில் ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். பறவைகளைச் சுடுவதும் பிடிப்பதும் குற்றம், பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதாகப் பேத்தி சொன்னாள். எனக்கும் வாசிக்கத் தெரியும். பலகை உயரத்தில் இருக்கிறது. எப்படி ஒத்துழைப்பது என்று அதில் இல்லையாம். இடம் போதவில்லை போலிருக்கிறது. பலகை இல்லாத காலத்தில் நாங்கள் செய்ததை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்தவள் நான், மெதுவாகத்தான் எழுத வரும். அவசரக்காரர்கள் பலகையை வாசித்துக்கொள்ளலாம்.

நான் சொல்லுவது முதல் ஜெர்மன் சண்டைக்கு ஆறேழு வருஷம் முன்னால் நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வயிற்றில் இரண்டாவது பிள்ளை.

தாமிரபரணியில் பிரிகிற வாய்க்கால் ஒன்று எங்கள் குளத்தில் வந்து விழுகிறது. குளத்துக்குள் கருவேல மரங்கள் தண்ணீரிலேயே நிற்கும். மார்கழி பிறந்ததும் அந்த மரங்களில் கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கும். தை, மாசி, பங்குனி முழுக்க முட்டையும் குஞ்சும் சண்டையுமாக ஒரே இரைச்சல். மரத்தடித் தண்ணீர் எச்சத்தால் பச்சைப்பசேல் என்று நாறும். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்து, இந்த வருஷம் பரவாயில்லை என்பார்கள். அந்தத் தண்ணீர் பாய்கிற வயலுக்கு எருவண்டி ஓட்ட வேண்டாம்.

பறவைகள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பெண்பிள்ளைகள் என்பது ஊர் வழக்கம். அதனால் அவை போகிறவரை ஊருக்குள் மேளம் கிடையாது, வேட்டு கிடையாது. அந்த மாதங்களில் கலியாணம் வைத்தால் மேளக்காரர் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கமே வாசித்து முடித்துவிட்டு, தவிலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு மட்டும் உள்ளே வருவார். சாப்பாட்டில் குறை வைத்தால் அடித்துவிடுவேன் என்று ஒருவர் மிரட்டியதாகச் சொல்லுவார்கள்.

குளத்து மடையைத் திறப்பதும் அடைப்பதும் என் வீட்டுக்காரருக்கு வேலை. அவர் அப்பாவுக்கும் அதுதான், அவர் தாத்தாவுக்கும் அதுதான். அறுப்புக்கு அறுப்பு ஊர் நெல் அளக்கும். எங்களுக்குச் சொந்தமாக ஒரு செய் நிலம் கிடையாது. மடை இருந்தால் சோறு, இல்லாவிட்டால் இல்லை. தண்ணீரோடு சேர்த்து, குளத்துக்குள் நிற்கிற மரமும் மரத்தில் இருக்கிற பறவையும் மடைக்காரர் பொறுப்பு.

அந்தத் தை மாசம் ஒரு வியாபாரி வந்தார். குடை பிடித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பார்த்தால் கும்பிடத் தோன்றும். தெற்கே ஒரு கோயிலில் சாமிக்கு வெள்ளை விசிறி செய்கிறோம், கொக்கின் இறகு வேண்டும் என்றார். கரையை ஒட்டி எங்கள் வீடு, ஆகவே முதலில் எங்களிடம்தான் வந்தார். பேற்றுக்காலத்தில் கொக்கின் முதுகில் வெள்ளை நூலைத் தொங்கவிட்டாற்போல ஓர் இறகு முளைக்கும். காற்றில் விழுந்ததைப் பொறுக்கி நான் ஓர் ஓலைக்கொட்டானில் போட்டு வைத்திருந்தேன். சாமிக்கென்று கேட்டதால் கொட்டானோடு கொடுத்தேன். அவர் எனக்கு ஒரு மரச்சீப்புக் கொடுத்தார். முதல் இறகைக் கொடுத்தது நான்தான். மற்றவர்கள் செய்ததை எழுதும்போது இதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விழுந்த இறகில் அழுக்கு இருக்கிறது, சாமிக்கு அழுக்கு ஆகாது, பறவையின் முதுகிலேயே இருக்கிற இறகுதான் சுத்தம் என்றார். பறவை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்குமா என்றாள் என் மாமியார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மாசி பிறந்து ஐந்தாம் நாள் என் அண்ணன் வந்தான். எங்கள் பிறந்த ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம், ஆற்றங்கரை. அண்ணன் வாழைத்தார் சுமப்பான், அணைக்கட்டில் நீச்சலடிப்பான். இரண்டில் நீச்சலுக்குத்தான் அதிக நேரம் செலவழிப்பான். ஒரு தார் ஏத்தன்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, தங்கச்சியைப் பேற்றுக்கு அழைத்துப்போக வந்தேன் என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழத்தைத் தெருவுக்கே பங்குவைத்தேன்.

அழைத்துப்போக நல்ல நாள் பார்க்க வேண்டும் என்றான். பார்த்தான். அந்த வாரம் நல்ல நாள் இல்லை. அடுத்த வாரம் இருந்த நாளில் சூலம் கிழக்கே என்றான். எங்கள் அண்ணன் பஞ்சாங்கத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை, ஆனாலும் விடாமல் பார்த்தான். காலைக் கஞ்சி குடித்துவிட்டுப் பக்கத்து ஊரில் ஒரு காளை விலைக்கு வருகிறது என்று போவான். உச்சி திரும்பி, தலை ஈரத்தோடு வருவான். ஆற்றங்கரைக்காரன், நாலு தரம் குளிப்பான் என்று நினைத்துக்கொண்டோம்.

அண்ணன் வந்த நாலாம் நாள் கருவேல மரத்து வேரில் ஆறு கொக்கு செத்துக் கிடந்தது. முதுகு மட்டும் வெறுந்தோலாக இருந்தது. மறுநாள் ஐந்து. கூட்டில் இருந்த குஞ்சுகள் தாயைக் காணாமல் நாள் முழுக்கக் கத்தின. பகலில் கத்தி, பிறகு கம்மி, பிறகு நின்றுவிடும். நிற்கிற கூட்டைத்தான் எண்ண வேண்டியிருந்தது.

துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை. வலை விரித்த தடம் இல்லை. கரையில் அந்நியர் கால் படவில்லை. மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஊருக்காக ஒரு மனு எழுதினார். தாலுகா கச்சேரியிலிருந்து பதில் வந்தது: பறவைகள் எந்த சர்வே எண்ணில் வசிக்கின்றன என்று தெரிவிக்க வேண்டும். காட்டிலாகாவுக்கும் ஆள் போனது. களக்காட்டு மலையில் இருக்கிறவை தங்கள் பறவைகள், குளத்தில் இருக்கிறவை தங்கள் பறவைகள் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இறகை யார் வாங்குவார்கள் என்று வாத்தியாரிடம் கேட்டதற்கு, தூத்துக்குடியில் கப்பலேறிச் சீமைக்குப் போகும், அங்கே துரைசானிகள் தொப்பியில் செருகிக்கொள்ளுவார்கள், சர்க்காரே அதைக் கப்பலில் ஏற்றக்கூடாதென்று தடுத்திருக்கிறது என்றார். என் மாமியார் நம்பவில்லை. "கோழியத் திம்பாவ, சரி. கொக்கத் தலையில வச்சிக்கிட்டு நடப்பாவளாக்கும். கோட்டிக்காரப் பேச்சு" என்றாள்.

ஊர் கூடியது. ஊர்ப்பெரியவர் சுருக்கமாகப் பேசுகிறவர். மடைக்காரன் குளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்க்கவில்லை என்றார். பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் சாஸ்தா கோயிலுக்கு வண்டி கட்டுகிறதற்குள் இந்தச் சாவு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மடை வேறு வீட்டுக்குப் போகும் என்றார். உத்திரத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. வேறு வீடு எது என்று சொல்லவில்லை. ஆனால் மேலத்தெருவில் ஒருவர் மறுநாளே மண்வெட்டிக்குப் புதுப்பிடி போட்டார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். நேரே போய்க் கரையில் உட்கார்ந்தார். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். சோற்றுத்தூக்கை அண்ணன்தான் கொண்டுபோய்க் கொடுப்பான். சாப்பிட்டு முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பாவத்தை எவன் செய்வான் என்று இரண்டு பேரும் யோசிப்பார்களாம். கண்டுபிடித்தால் கையை முறிக்க வேண்டும் மாப்பிள்ளை என்று அண்ணன் சொன்னதாக என் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார்.

இதற்கிடையில் குளத்தில் பானைகள் மிதந்தன.

ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் மூன்று. மண்பானை, வாய் கவிழ்ந்து, மேலே கரியால் மூன்று கோடு, விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளைத் துணி. இப்படிப் பானையைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை: கருமாதிக்கு வைத்த பானை. அதைத் தொட்டால் தீட்டு, பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி பார்க்கவே கூடாது. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷனும் சாவுக்காரியத்துக்குக் கிட்டப் போகக்கூடாது. ஆகவே குளத்தைக் காவல் காக்க உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், பானை வரும்போதெல்லாம் ஒழுங்காக எழுந்து, குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். படித்துறையில் பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துவைத்தோம். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படித்தான் போயிற்று. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் கொக்கு செத்தது.

இதைவிட வசதி எந்தத் திருடனுக்கும் கிடைத்திருக்காது. வருகிறான் என்று தெரிந்ததும் ஊரே திரும்பி நிற்கிறது.

உத்திரத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, உச்சிக்கு முன்னால், படித்துறையில் நாலு பேர் இருந்தோம். நான், பக்கத்துவீட்டு மயினி, அவள் மகள், கடைசிக் கல்லில் ஊருக்குத் துணி வெளுக்கிற அக்கா. பானை ஒன்று கோரைப்புல் பக்கமிருந்து வந்தது. மூன்று பேரும் திரும்பிக்கொண்டார்கள். நானும் திரும்பத்தான் போனேன். ஆனால் அப்போது என் கல்லிலிருந்து சவுக்கார நுரை தண்ணீரில் இறங்கி மேற்கே போய்க்கொண்டிருந்தது. கொண்டல் அடிக்கிற நேரம், கிழக்கேயிருந்து காற்று. நுரை மேற்கே, பாசி மேற்கே, ஒரு உதிர்ந்த இலை மேற்கே. பானை மட்டும் கிழக்கே போயிற்று. அவசரமும் படவில்லை.

நான் துவைப்பதை நிறுத்தினேன்.

"யக்கா, இது யாரு வீட்டுப் பானை?"

"அதப் பாக்காதளா. வயித்துப் பிள்ளக்காரி."

"பாத்தாச்சு. யாரு வீட்டுதுன்னு சொல்லுங்க."

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் முதல் சொல் அந்த அக்கா வீட்டுக்குத்தான் போகும். பாடைக்கு விரிக்கிற மாத்து அவள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும், செத்தவர் துணி அவளிடம்தான் சேர வேண்டும். அவளுக்குத் தெரியாமல் எங்கள் ஊரில் யாரும் சாக முடியாது. அவள் ஈரக்கையோடு விரலை மடக்கினாள். தையில் வடக்குத்தெரு ஆச்சி. அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. போகத் தயாராக இருந்த ஒரே ஆள் என் மாமனாரின் சித்தப்பா, அவர் காலையில் இரண்டு தரம் கஞ்சி வாங்கிக் குடித்திருந்தார்.

"எனக்குத் தெரியாம இந்த ஊர்ல செத்தது யாருளா?" என்றாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவமானப்பட்டுப் போனவள் மாதிரி இருந்தாள்.

அடுத்த ஊர்க்காரர்கள் வைத்த பானையாக இருக்கும் என்றாள் மயினி, முகத்தைத் திருப்பாமலே.

"அடுத்த ஊர்க்காரன் கருமாதிய நம்ம கொளத்துலயா வைப்பான்? அவனுக்கு அங்கன கொளம் இல்லையா? கொண்டலடிக்க நேரத்துல கெழக்க போவுது பாருங்க. செத்தவனா துடுப்புப் போடுதான்?"

இதைச் சொல்லும்போது அக்கா பானையைத் திரும்பியே பார்த்துவிட்டாள். அதைக் கேட்டு மயினியும் அவள் மகளும் திரும்பிவிட்டார்கள். நாலு பேரும் பார்த்தோம். பானை எங்களுக்குப் பதினைந்து முழத்தில் வந்தது. பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் படித்துறையை ஒட்டியே வந்தது. பானையில் இரண்டு ஓட்டை இருந்தது. பின்னாலேயே இன்னொரு சின்னப் பானை, கயிற்றில் கட்டியது, நாய்க்குட்டி மாதிரி வந்தது.

பானை விளிம்பில் கட்டிய வெள்ளைத்துணியில் பச்சைக்கோடு ஓடியது. முந்தாநாள் அதே பச்சைக்கோட்டு வேட்டியை நான் துவைத்துக் காயப்போட்டேன். ஓரத்தில் ஒரு சாண் கிழிந்திருந்தது. முள் என்று சொல்லியிருந்தான்.

நான் என்ன நினைத்தேன் என்று பிற்பாடு பலபேர் கேட்டார்கள். அதிகமாக ஒன்றும் நினைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் ஆறு நாளில் மடை போய்விடும். வாயைத் திறந்தால் பிறந்த வீடு போய்விடும். மடை போனால் என் பிள்ளைக்குச் சோறு இல்லை. பிறந்த வீடு போனால் பேறு பார்க்க அம்மா இல்லை. ஒரு சேலையைப் பிழிகிற நேரம் நின்றிருப்பேன். கையில் ஒரு சேலையும் இருந்தது, அதைப் பிழிந்துவிட்டேன். அதற்குள் அக்கா கல்லை எடுத்துவிட்டாள்.

"அது எங்க அண்ணன்" என்றேன். "கல்லப் பைய எறிங்க."

அக்கா பையத்தான் எறிந்தாள் என்று இன்றைக்கும் நான் சொல்லுவேன். பானை இரண்டாகப் பிளந்தது. அண்ணன் எழுந்து நின்றான். அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பு வரைக்கும்தான். இத்தனை நாளும் முழங்காலை மடக்கியே நடந்திருக்கிறான். பானையின் விளிம்பு மட்டும் உடையாமல் கழுத்தில் மாலை மாதிரி நின்றது.

"மண்ட ஒடைஞ்சிருக்கும்ளா" என்றான் என்னைப் பார்த்து.

"அதுக்குத்தான் பைய எறியச் சொன்னேன்" என்றேன்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் கரையிலிருந்து ஓடிவந்தார். இந்த முறை முதுகைக் காட்டவில்லை. சின்னப் பானைக்குள் வாழையிலையில் சுற்றி இறகு இருந்தது. நூல் நூலாக, கை பட்டால் நலுங்கிவிடுமே என்று அடுக்கி வைத்திருந்தான். வாழைத்தாரைக்கூட அவன் அவ்வளவு பக்குவமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை.

ஊர் கூடியபோது அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். அணைக்கட்டுப் பக்கம் தாரா வாத்து பிடிக்கிறவர்கள் இப்படித்தான் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு போவார்களாம், அவர்களிடம் கற்றதாம். மரத்தடிக்குப் போய்க் கூட்டில் கண்ணி வைப்பது, மறுபடி வரும்போது பிடித்து முக்குவது. கரிக்கோடும் துணியும், சில நாள் கூடவே வெறும்பானைகளை மிதக்கவிட்டதும் அவனே யோசித்தது. அதைச் சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்த வியாபாரிதான் ஆற்றங்கரையில் அவனைப் பார்த்துப் பேசியிருக்கிறார். தங்கச்சி வீடு குளத்தங்கரையில் இருக்கிறது என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். சாமி விசிறிக்கு என்று நம்பித்தான் செய்தாயா என்று பெரியவர் கேட்டார். முதல் நாள் நம்பினேன் என்றான்.

என் வீட்டுக்காரர் மண்வெட்டியைக் கொண்டுவந்து பெரியவர் முன்னால் வைத்துவிட்டு நின்றார். தன் வீட்டுச் சோற்றைத் தின்றவன் செய்தது, மடையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். மேலத்தெருக்காரர் இரண்டு அடி முன்னால் வந்தார். பெண்கள் ஊர்க்கூட்டத்தில் பேசுவதில்லை, பின்னால் நின்று கேட்டுக்கொள்ளுவோம். நான் பேசினேன்.

"களவாண்டது எங்க வீட்டு ஆளு. புடிச்சுக் குடுத்ததும் எங்க வீட்டு ஆளுதான். ரெண்டையும் சேத்து நிறுத்துப் பாருங்க. பன்னிரண்டு நாளா ஊரு முழுக்க மூஞ்சத் திருப்பிக்கிட்டு நின்னீங்களே, அதுக்கு யாரு மண்வெட்டிய வைக்கப் போறா?"

வெளுக்கிற அக்காவும் முன்னால் வந்து, செத்தது யார் என்று ஒருத்தராவது தன்னிடம் வந்து கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும் என்றாள். அது உண்மைதான். தீட்டென்று பயந்து நாங்கள் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பெரியவர் வெற்றிலையைத் துப்பினார். பிறகு தீர்ப்புச் சொன்னார். தாய் செத்த கூடுகளில் உயிரோடு முப்பத்தொன்பது குஞ்சு இருந்தது. கொன்றவனே அவற்றுக்கு மீன் பிடித்துப்போட்டு வளர்க்க வேண்டும். பாதியாவது பறந்தால் மடை இந்த வீட்டில் இருக்கும். குறைந்தால் போகும். அதற்கு முன்னால் வாங்குகிறவனைக் காட்டித்தர வேண்டும். பிடிக்கிறவனை நிறுத்தினால் இன்னொருவன் வருவான், வாங்குகிறவனை நிறுத்தினால்தான் வரமாட்டான் என்றார். இதைப் பலகையில் எழுதியிருக்கலாம், நாலு சொல்தான்.

வியாபாரி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வருவதாக ஏற்பாடு. அண்ணன் இறகுப் பொட்டலத்தோடு போய் நின்றான். நாங்கள் ஒரு அறுபது எழுபது பேர் சந்தையில் காய்கறி பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வந்து பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் எல்லோரும் அவரைச் சுற்றி வந்து நின்றோம். யாரும் கைநீட்டக் கூடாது என்று பெரியவர் சொல்லியிருந்தார், யாரும் நீட்டவில்லை. சும்மா நின்றோம். அவர் இந்தப் பக்கம் நகர்ந்தால் இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் நகரவில்லை. இது கோயில் காரியம் என்றார். எந்தக் கோயில் என்று கேட்டதற்கு ஒரு கோயிலைச் சொன்னார். அந்தக் கோயில் குருக்கள் நாலு கடை தள்ளிப் பூசணிக்காய் வாங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். எங்கள் சாமிக்கு வேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு அவர் பூசணிக்காயோடு போய்விட்டார்.

ஏட்டு வருகிறவரை மத்தியானம் முழுவதும் அப்படியே நின்றோம். வியாபாரிக்கு மோர் கொடுத்தோம். ஏட்டு வந்து, கொக்கைக் கொன்றதற்கு என்ன சட்டம் என்று தனக்குத் தெரியவில்லை என்றார். பிறகு வண்டியில் இருந்த மூட்டைகளைப் பிரித்தார். மேலே இலவம்பஞ்சு, உள்ளே இறகு. தூத்துக்குடிக்குப் பஞ்சு என்று சீட்டு எழுதியிருந்தது. கப்பலுக்குப் போகிறதைப் பேர் மாற்றி எழுதினால் என்ன சட்டம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வியாபாரியை வண்டியோடு கொண்டுபோனார். அந்த மனிதர் எங்கள் பக்கம் மறுபடி வரவில்லை. அவர் கொடுத்த சீப்பைக் குப்பையில் போட்டேன்.

பிறகு அண்ணன் கொக்கு வளர்த்தான்.

விடிந்ததும் வாய்க்காலில் இறங்கிக் கெண்டைப்பொடி அரிப்பான். கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு முள்மரத்தில் ஏறுவான். கொக்குக்குஞ்சுக்குப் பயம் வந்தால் தின்றதையெல்லாம் கக்கும். அண்ணனைப் பார்த்தால் அவற்றுக்குப் பயம் வந்தது. ஊட்டியதில் பாதி அவன் தலையில் விழும். வீட்டுக்குள் வரவிடாமல் என் மாமியார் தொழுவத்தில் இலை போட்டாள். என் வீட்டுக்காரர் முதல் பத்து நாள் அவனோடு பேசவில்லை. பதினோராம் நாள், மரத்தில் இருந்தவனைப் பார்த்து, அந்தக் கிளை தாங்காது மச்சான் என்றார். அது உடைந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசினார்கள்.

உத்திரம் வந்தது, ஊர் சாஸ்தா கோயிலுக்குப் போயிற்று, அண்ணன் போகவில்லை. நானும் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. விஷயம் முழுதாகத் தெரியாமலே, அண்ணனுக்கு எதிராகப் பேசியவளுக்கு இங்கே இடமில்லை என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். சித்திரை இரண்டாம் வாரம் என் இரண்டாவது பையன் என் மாமியார் கையில் பிறந்தான். தகவல் சொல்ல ஆள் போனபோது அண்ணன் மரத்தில் இருந்தான். சுகமா என்று கேட்டுவிட்டு, இன்னும் பதினொரு கூடு இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றானாம்.

முப்பத்தொன்பதில் பதினேழு செத்தது. வெயிலில் சில, பருந்து கொண்டுபோனது சில, காரணம் தெரியாமல் சில. இருபத்திரண்டு பறந்தது. வெளுக்கிற அக்காதான் எண்ணினாள்; சாவை எண்ணி எண்ணி அலுத்துவிட்டது, இதையாவது எண்ணுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பெரியவர் மண்வெட்டியை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். மடை எங்கள் வீட்டில் இருந்தது. என் பதினொரு பிள்ளைகளும் அந்தச் சோற்றைத்தான் தின்றார்கள்.

அதற்கு மறுவருஷத்திலிருந்து படித்துறையில் ஒரு வழக்கம் வந்தது. துவைக்கிறவர்கள் முகத்தைத் திருப்புவதில்லை. எதுவும் புதிதாகத் தெரிந்தால், தீட்டோ தீட்டில்லையோ, யாருடையது என்று உரக்கக் கேட்பது. பதில் வருகிறவரை கேட்பது. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பெண்கள் வம்புக்காரிகள் என்று தோன்றும். தோன்றட்டும்.

அண்ணன் சித்திரைக் கடைசியில் ஊருக்குப் போனான். தொட்டிலைப் பார்த்தான், பிள்ளைக்கு உன் மூக்கு என்றான், போய்விட்டான். அங்கே போய், தங்கச்சி ஊரில் சர்க்கார் கேட்டுக்கொண்டதால் மூன்று மாசம் தங்கிப் பறவை வளர்த்தேன் என்று சொல்லியிருக்கிறான். உடம்பில் முள் கிழித்த தழும்பு இருந்ததால் நம்பினார்கள். எங்கள் அம்மா சாகிறவரை அப்படித்தான் நம்பினாள். அந்தக் காரியத்தை நான்தான் தடுக்கப் பார்த்தேன் என்று அவளுக்கு என்மேல் மனத்தாங்கல்கூட இருந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. இருபத்திரண்டு குஞ்சை அவன் வளர்த்தது பொய்யில்லை. அண்ணன் காலமாகி இருபது வருஷமாகிறது. அவன் பிள்ளைகள் இன்றும் அந்தக் கதையைத்தான் சொல்லுகிறார்கள். கதையில் இப்போது கலெக்டர் துரையும் வந்துவிட்டார். அவர்களும் இதை வாசிக்க வேண்டியதுதான்.

எழுதி முடித்துவிட்டுப் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, இங்கன வந்து உக்காரு. இத மொதல்லருந்து வாசிச்சுக் காட்டு. எங்க அண்ணனப் பத்தி ஒரு சொல்லு கூடிப்போயிருந்தா அங்கன நிறுத்து. கொறஞ்சிருந்தாலும் நிறுத்து."